வளைகுடா வீடியோ காலும் வீபிஎன் சுரங்கமும்

லால்பேட்டையில் ஜும்ஆ முடிந்து வீடு திரும்பினால், பல வீடுகளில் அடுத்த வேலை வளைகுடாவில் இருக்கும் பிள்ளையின் முகத்தை ஃபோனில் பார்ப்பதுதான். துபாயிலோ ஷார்ஜாவிலோ இருக்கும் பிள்ளை வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், குரல் பதிவு அனுப்பலாம். ஆனால் கால் பேச முடியாது. உரிமம் பெறாத இணைய அழைப்புகளை அமீரகம் தடுத்து வைத்திருக்கிறது. "அந்த வீபிஎன்னைப் போட்டுட்டு வாப்பா, முகத்தைப் பார்க்கணும்" என்று தாய் இங்கிருந்து சொல்கிறார். தான் பிள்ளையை எதைச் செய்யச் சொல்கிறோம் என்பது அந்தத் தாய்க்குத் தெரியாது.

இணையத்தில் 'சுரங்கம்' என்று சொல்வது ஒரு கடித உறைக்குள் இன்னொரு உறையை ஒளித்து அனுப்புவதைப் போன்றது. காவலர் வெளி உறையின் முகவரியைப் பார்த்து விட்டுவிடுவார். வீபிஎன் செய்வது இதைத்தான். இதைவிட வியப்பான வழிகளும் உண்டு. ஓர் அலுவலகத்தில் இரண்டு கணினிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளத் தடை, ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு ஃபோல்டர் திறந்திருக்கிறது என்று வையுங்கள். ஒரு கணினி அங்குள்ள ஃபைலில் எழுத, மறு கணினி உடனே அதைப் படித்துப் பதில் எழுத, அந்த ஒற்றை ஃபைல் வழியாகவே முழு இணைப்பும் ஓடிவிடும். ஃபைல்களைப் பகிரத்தான் நிறுவனம் அந்த ஃபோல்டரைத் தந்தது. அதையே கள்ளக் கதவாக்குவது அமானித மோசடி. நம் பிள்ளைகளில் கணினித் துறையில் இருப்போர் இதைத் 'திறமை' என்று எண்ணிவிடக் கூடாது.

அமீரகச் சட்டத்துக்கு வருவோம். வீபிஎன் அங்கே முற்றிலும் தடை என்பதும் தவறு, யாரும் கேட்பதில்லை என்பதும் தவறு. நிறுவனங்களும் வங்கிகளும் தங்கள் உள் வேலைக்கு அதைப் பயன்படுத்தத் தடையில்லை. ஆனால் குற்றம் செய்யவோ குற்றத்தை மறைக்கவோ பொய்யான இணைய முகவரியைப் பயன்படுத்தினால், 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் சட்டப்படி சிறை, அல்லது 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. தொழிலாளியாகப் போன ஒருவரால் இதைத் தாங்க முடியுமா?

தடை நியாயம்தானா என்று கேட்கலாம். எனக்கும் அதில் வருத்தம் உண்டு. சவூதி 2017 செப்டம்பரிலேயே தளர்த்திவிட்டது. சுரங்கம் தேடுகிறவரெல்லாம் குற்றவாளியும் அல்லர். 2019 ஆகஸ்டில் இணையம் முடக்கப்பட்ட காஷ்மீரில், பின்னர் சில தளங்கள் மட்டும் திறக்கப்பட்டபோது, மக்கள் வீபிஎன் வழியே வெளியுலகைத் தொட்டார்கள். 2020 பிப்ரவரியில் அதற்கும் உபா சட்டத்தில் வழக்குப் பதிந்தார்கள். அங்கே அடைக்கப்பட்டது ஒரு சமூகத்தின் வாய். விசாவில் கையெழுத்திட்டுச் சம்பளத்துக்குப் போனவரின் நிலை வேறு. ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சொல்லித்தான் ஸூரத்துல் மாயிதா தொடங்குகிறது.

சட்டத்தை விடுங்கள், அந்த இலவச வீபிஎன்னை நடத்துவது யார்? சுரங்கத்துக்குள் போனதும் நம் போக்குவரத்தெல்லாம் அதன் சொந்தக்காரர் கை வழியாகத்தான் போகும். 2024 மே மாதம் அமெரிக்க அரசு முடக்கிய '911 எஸ்5' வலையமைப்பு, மாஸ்க்வீபிஎன், டியூவீபிஎன் போன்ற இலவசச் செயலிகள் வழியேதான் பரவியிருந்தது. ஏறத்தாழ 200 நாடுகளில் 1.9 கோடிக்கும் அதிகமான இணைய முகவரிகள் அதில் சிக்கின. அவற்றை வாடகைக்கு எடுத்து மோசடி செய்தவர்கள் வேறு யாரோ. ஆனால் தடயத்தில் பதிவானது செயலியை நிறுவிய அப்பாவியின் முகவரி. அதே கருவியில் வங்கிச் செயலியும் வைத்துக்கொண்டு சம்பளத்தை ஊருக்கு அனுப்புகிறோம்.

போட்டிம், ஜூம், கூகுள் மீட், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆகியவை அமீரகத்தில் அனுமதி பெற்றவை. இவற்றில் ஒன்றைத் தாயின் ஃபோனிலும் ஏற்றித் தர வேண்டும். ஊரிலிருக்கும் தம்பிக்கோ மருமகனுக்கோ அது பத்து நிமிட வேலை. அடுத்த ஜும்ஆவுக்கு முன் முடித்துவிடலாம்.