குற்ற உணர்வு கோபமாக மாறும் இல்லங்கள்



மனைவியின் நகையை அடகு வைத்து, வியாபாரம் நொடித்ததால் மீட்க இயலாத கணவர்களை மதுரையிலும் மேலூரிலும் கண்டிருக்கிறேன். அவர்கள் குற்றம் உணராதவர்கள் அல்லர்; உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பவர்கள். ஆயினும் மனைவியின் வெறுங்கழுத்தைக் காணும்போதெல்லாம் அவ்வேதனை சினமாக வெடிக்கிறது. குழம்பில் உப்பில்லை என்பது வெறும் சாக்கு.

திருக்குர்ஆன் காட்டும் முதல் தம்பதியரை எண்ணிப் பாருங்கள். ஆதம் (அலை) அவர்களும் அவர்தம் துணைவியாரும் ஒருவர்மீது ஒருவர் பழி போடவில்லை. இருவரும் சேர்ந்தே பிழையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரினர் (7:23). பழியை இறைவன்மீதே சுமத்தியவன் இப்லீஸ் (7:16).

தன்மீது இரக்கம் கொள்வது தவற்றை நியாயப்படுத்துவதன்று. அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதிருப்பது (39:53). தன்னையே ஓயாது சபிப்பவருக்குத் துணையிடம் மென்மை காட்டுவது கடினம்.

எனினும், பிறர் உரிமை சம்பந்தப்பட்ட பாவத்தில் வருந்துவது மட்டும் தவ்பா ஆகாது. அவ்வுரிமையைத் திருப்பித் தரவும் வேண்டும். நகையும் மஹரும் அவளுடைய உரிமை. தஹஜ்ஜுத்தில் அழுபவர், விடிந்ததும் அவளிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கட்டும். மீட்கும் வழியை இருவரும் சேர்ந்து தேடட்டும்.

அல்லாஹ் நம் இல்லங்களில் அன்பையும் இரக்கத்தையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.