ஸ்பிரிங் இறுகினால் வேகம் கூடுமா?

போடிநாயக்கனூரில் இருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் பள்ளம். தேனியில் இருந்து மூணாறு செல்லும் வண்டிகள் இந்த வளைவுகளில் திரும்பித் திரும்பித்தான் ஏற வேண்டும்; திரும்பித் திரும்பித்தான் இறங்க வேண்டும்.

இந்த மாதிரிப் பாதையைக் கண்டால் வேகக் கார் பிரியர்களுக்கு உற்சாகம் பிறக்கிறது. கார் தரையோடு தரையாகத் தாழ்ந்திருக்க வேண்டும். வளைவில் சாயாமல் விறைப்பாக நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். அதற்காக ஸ்பிரிங்கை மாற்றுகிறார்கள். சிலர் வெட்டியே விடுகிறார்கள்!

"ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமோ, கார் அவ்வளவு வேகம்" என்பது இவர்களுடைய எண்ணம்.

இது தவறான எண்ணம். உயிரோடு விளையாடும் எண்ணம்.

வில் வண்டி சொல்லும் பாடம்

கம்பம் பள்ளத்தாக்கில் வயதானவர்களுக்குக் கட்டை வண்டியும் தெரியும். வில் வண்டியும் தெரியும். கட்டை வண்டியில் ஸ்பிரிங் கிடையாது. ஒரு கல்லில் சக்கரம் ஏறினால் வண்டி முழுவதும் தூக்கிப் போடும். வில் வண்டியில் அச்சுக்கு மேலே வில் போல் வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்கும். சக்கரம் கல்லில் ஏறும். ஆனால் மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அவ்வளவு அதிர்ச்சி தெரியாது.

மோட்டார் காரின் ஸ்பிரிங்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. இன்னொரு வேலையும் செய்கிறது. பலர் கவனிக்காத வேலை அது. சக்கரத்தைத் தரையை விட்டு எழும்ப விடாமல், ஸ்பிரிங் அதைக் கீழே அழுத்திக்கொண்டே இருக்கிறது.

சக்கரம் தரையில் இருந்தால்தான் பிரேக் பிடிக்கும். தரையில் இருந்தால்தான் ஸ்டியரிங் சொல்வதைக் கார் கேட்கும். ஸ்பிரிங் அளவுக்கு மீறி இறுகிவிட்டால் என்ன ஆகும்? மேட்டில் ஏறிய சக்கரம் துள்ளி அந்தரத்தில் நிற்கும். அந்த ஒரு கணத்தில் அதற்குப் பிரேக்கும் இல்லை, பிடிப்பும் இல்லை. வளைவில் கார் வெளிப்பக்கமாக ஓடிவிடும். மலைப்பாதையில் வெளிப்பக்கம் என்றால் என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இறுக்கத்தை அளப்பது எப்படி?

இதற்குப் பெரிய கணக்கு தேவையில்லை. ஒரு ஸ்பிரிங்கை 1 செ.மீ. அமுக்க எத்தனை கிலோ எடை வேண்டும்? அதுதான் அந்த ஸ்பிரிங்கின் பலம்.

ஒரு சக்கரத்தின் மீது காரின் எடை 300 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சக்கரத்தில் 1 செ.மீ.க்கு 20 கிலோ பலம் என்றால், கார் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் நிமிடத்துக்குச் சுமார் 77 முறை என்ற கணக்கில் ஆடும். பலத்தை இரண்டு மடங்காக்கி 40 கிலோ வைத்தால் ஆட்டம் சுமார் 109 ஆகும்.

குடும்பத்தோடு போகும் கார்களுக்கு இந்த ஆட்டம் 60 முதல் 90 வரை இருப்பது நலம். வேகக் கார்களுக்கு 90 முதல் 120 வரை வைப்பார்கள். பந்தயக் கார்களில் அதற்கும் மேலே போகும்.

"அப்படியானால் பந்தயக் காரைப் பார்த்துத்தானே நாங்களும் இறுக்குகிறோம்?" என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பல ஆண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. அது போர்க்கால விமான ஓடுதளம். பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு பாதை உருவாயிற்று. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த வகைக் கார்களில் முன்னும் பின்னும் இறக்கைகள் உண்டு. வேகம் கூடக் கூடக் காற்று அந்த இறக்கைகளின் வழியாகக் காரைத் தரையோடு அழுத்தும். அந்த அழுத்தத்தைத் தாங்கவே இறுக்கமான ஸ்பிரிங் வைக்கிறார்கள்.

அவர்கள் ஓடும் பாதையில் பள்ளம் இல்லை. வேகத்தடை இல்லை. எதிரே பஸ் வராது. போடிமெட்டுப் பாதை அப்படியா இருக்கிறது?

உலகம் புகழ்ந்த மெத்தை

இங்கிலாந்தில் லோட்டஸ் என்ற கம்பெனியை நடத்தியவர் காலின் சாப்மன். அந்தக் கம்பெனி 1962-ல் எலான் என்ற சிறிய வேகக் காரை வெளியிட்டது. வளைவுகளில் அது ஓடிய அழகைக் கண்டு உலகமே வியந்தது. அதன் ஸ்பிரிங் இறுக்கமானது அல்ல, மென்மையானது! காரின் எடையைக் குறைத்தார்கள். மென்மையான ஸ்பிரிங் வைத்தார்கள். ஆட்டத்தை அடக்கும் வேலையை ஷாக் அப்சார்பரிடம் கொடுத்தார்கள்.

சென்னையோடு சம்பந்தப்பட்ட கதை ஒன்றும் இருக்கிறது.

1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் தயாராயிற்று. இதன் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் குறுக்காக இருந்தது. இதே பின்புற அமைப்பை வைத்து இங்கிலாந்தில் 1962-ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற வேகக் காரைச் செய்தார்கள். வளைவில் வேகமாகத் திருப்பி, சட்டென்று வேகத்தைக் குறைத்தால் அதன் பின்பக்கம் எழும்பும். பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கும். கார் சுழன்றுவிடும்.

இதற்கு என்ன பரிகாரம் கண்டார்கள்? ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கினார்களா? இல்லை. 1970-ல் வந்த நாலாவது மாடலில் ஒரு பட்டையை மட்டும் இறுகப் பிடித்து, மற்றப் பட்டைகள் நடுவில் அசைந்து கொடுக்கும்படி செய்தார்கள். வளைவில் பின்பக்கத்தின் விறைப்பு குறைந்தது. காருக்கு நிதானம் வந்தது.

விறைப்பைக் குறைத்துப் பிடிப்பைக் கூட்டினார்கள்! இதுதான் கவனிக்க வேண்டிய பாடம்.

வெட்டினால் என்ன ஆகும்?

சுருள் ஸ்பிரிங்கில் வேலை செய்யும் சுற்று 8 இருக்கிறது என்று வையுங்கள். அதில் 2 சுற்றை வெட்டினால், மீதி ஸ்பிரிங்கின் பலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கார் தாழ்கிறது, அதே சமயம் இறுகவும் செய்கிறது. ஆனால் ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்தது. புதிய துள்ளலை அதனால் அடக்க முடியாது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது, குட்டையான ஸ்பிரிங் இருக்கும் இடத்தை விட்டு நழுவவும் கூடும்.

இன்னும் சிலர் ஸ்பிரிங்கை நெருப்பில் சுட்டுத் தாழ்த்துகிறார்கள். அரிவாள் அடிக்கும் கொல்லரைக் கேட்டால் இதன் தீமையைச் சொல்லுவார். பதம் போட்ட இரும்பைக் கண்டபடி சுட்டால் பதம் போய்விடும். பதம் போன ஸ்பிரிங் நாளடைவில் தளர்ந்து உட்கார்ந்துவிடும். ஒரு நாள் முறியவும் செய்யும்.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. கம்பெனி குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியிருக்கிறது.

சரியாகத் தேர்ந்தெடுக்கும் வழி

பந்தயப் பாதையில் ஓட்டுவதற்காகவே ஒருவர் கார் தயார் செய்கிறார் என்றால், அவர் முதலில் போக வேண்டிய இடம் ஸ்பிரிங் கடை அல்ல, எடை மேடை. ஒவ்வொரு சக்கரத்திலும் எத்தனை கிலோ இறங்குகிறது என்று டிரைவரையும் உட்கார வைத்து அளக்க வேண்டும்.

இரண்டாவது, ஸ்பிரிங் எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சக்கரம் 2 செ.மீ. எழும்போது ஸ்பிரிங் 1 செ.மீ. மட்டும் அமுங்கினால், ஸ்பிரிங்கின் பலத்தில் நாலில் ஒரு பங்குதான் சக்கரத்தில் தெரியும். இதை மறந்து கணக்குப் போட்டால் எல்லாம் தப்பாகும்.

மூன்றாவது, முன்னும் பின்னும் பொருத்தம் வேண்டும். முன்பக்கத்தை மட்டும் இறுக்கினால், வளைவில் கார் திரும்ப மறுத்து நேரே ஓடப் பார்க்கும். பின்பக்கத்தை மட்டும் இறுக்கினால், வால் பக்கம் வீசிச் சுழலப் பார்க்கும். எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் மறுபக்கத்தையும் நினைக்க வேண்டும்.

நான்காவது, புதிய ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக் அப்சார்பரும் மாற்ற வேண்டும். ஸ்பிரிங் மாப்பிள்ளை என்றால் ஷாக் அப்சார்பர் மணப்பெண். ஜோடி பொருந்தாவிட்டால் குடித்தனம் நடக்காது!

ஜீப்புகளுக்கும் இதே நியாயம்

வேகக் கார் வைத்திருப்பவர் சிலர்தான். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இன்னொரு வண்டியோடு சம்பந்தம் உண்டு. அதுதான் ஜீப். போடி, கம்பம், கூடலூர்ப் பக்கத்தில் இருந்து கூலி வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே இருக்கும் கேரள ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். மாலையில் திரும்புகிறார்கள்.

ஆள் கூடினால் ஜீப் பின்பக்கம் தாழும். உடனே என்ன செய்கிறார்கள்? ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை சேர்க்கிறார்கள். ஒரே கனமுள்ள 5 பட்டைகளோடு அதே மாதிரி ஒன்று சேர்த்தால் பலம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஜீப் நிமிர்ந்து நிற்கும். "வண்டி தாங்குகிறது, இன்னும் நாலு பேரை ஏற்று" என்பார்கள்.

தாங்குவது ஸ்பிரிங் மட்டும்தான். பிரேக் தாங்குமா? டயர் தாங்குமா? அச்சு தாங்குமா? பட்டை சேர்த்ததால் பிரேக்கின் பலம் ஒரு குண்டுமணி அளவும் கூடவில்லை. ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக இறங்கும்போது, அதே இறுக்கமான ஸ்பிரிங் பின்சக்கரத்தை ஒவ்வொரு கல்லிலும் துள்ள வைக்கும். பாரம் இருந்தால் பிரேக்குக்கு ஆபத்து. பாரம் இல்லாவிட்டால் பிடிப்புக்கு ஆபத்து.

தாழ்ந்து நிற்கும் ஸ்பிரிங் ஓர் எச்சரிக்கை. "அளவு மீறிவிட்டது, போதும்" என்று அது சொல்லுகிறது. பட்டை சேர்ப்பது அதன் வாயை அடைப்பதற்குச் சமம்.

எனவே ஜீப் உரிமையாளர்கள் அனுமதித்த அளவுக்கு மேல் ஆள் ஏற்றக் கூடாது. தோட்ட முதலாளிகள் போதுமான வண்டிகளை அமர்த்த வேண்டும். சோதனைச் சாவடியில் ஆள் கணக்குப் பார்ப்பவர்கள், பின்பக்கத்துப் பட்டையையும் ஒரு முறை குனிந்து பார்த்தால் நல்லது.

இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். விறைப்பு வேறு, வேகம் வேறு. வேகத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் பந்தயப் பாதைக்குப் போகட்டும். அங்கே கணக்குப் பார்த்து ஸ்பிரிங் மாட்டட்டும், மனதாரப் பறக்கட்டும்! 17 வளைவுள்ள மலைப்பாதைக்குக் கம்பெனி மாட்டிக்கொடுத்த ஸ்பிரிங்கே போதும்.

வளைந்து கொடுக்கும் மூங்கில்தான் புயலுக்குத் தப்புகிறது. ஸ்பிரிங்குக்கும் அதே குணம் இருந்தால்தான், காலையில் மலை ஏறியவர்கள் மாலையில் வீடு வந்து சேருவார்கள்.