கண்காணிப்பது என்றால் கிடப்பில் போடுவதல்ல

"கட்டியா? உடனே எடுத்துவிடு." நம் பக்கத்தில் இதுதான் வேதவாக்கு. தைராய்டில் வரும் எல்லாக் கட்டிக்கும் இது பொருந்தாது என்பது என் கட்சி.

முழு உடல் பரிசோதனை என்று போகிறோம். சில இடங்களில் கழுத்தையும் ஸ்கேன் எடுக்கிறார்கள். எந்தத் தொந்தரவும் தராமல் கிடந்த சிறு கட்டி அகப்படுகிறது. ஊசி குத்திப் பார்த்தால் 'பாப்பிலரி' வகைப் புற்று, அளவு 1 செ.மீ.க்குள். புற்று என்ற சொல் காதில் விழுந்ததும் வீடே இழவு வீடாகிறது. அடுத்த வாரமே ஆபரேஷன்!

தென்கொரியாவில் இது நாடளவில் நடந்தது. ஸ்கேன் பெருகியதால் 1993-இல் இருந்ததைப்போல் 2011-இல் 15 மடங்கு தைராய்டு புற்று கண்டுபிடித்தார்கள். இறப்பு குறைந்ததா? அப்படியே இருந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் 100-க்கு 11 பேருக்குக் கால்சியம் சுரப்பி பழுதானது. 2 பேருக்குக் குரல் நரம்பு செயலிழந்தது.

ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனை 1993-இலேயே வேறு வழி எடுத்தது. அபாயம் குறைந்த சிறு கட்டிகளை வெட்டாமல், குறித்த காலத்தில் ஸ்கேன் செய்து கவனித்தார்கள். 2014-இல் 1,235 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். பத்தாண்டில் கட்டி வளர்ந்தது 100-க்கு 8 பேருக்கு. நிணநீர்க் கணுவில் பரவியது 4 பேருக்கும் குறைவு. வளர்ந்தபின் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் இந்தப் புற்றால் சாகவில்லை. நம் வயதுக்காரர்களுக்குத்தான் வளர்ச்சி மிகக் குறைவு.

"மருந்து மாத்திரையில் சரியாகிவிடுமே" என்பார்கள். சுரப்பியை முழுதாக எடுத்தால் ஆயுளுக்கும் வெறும் வயிற்றில் மாத்திரை. காலைக் காப்பிகூட அரை மணி காத்திருக்க வேண்டும். கால்சியம் குறைந்தால் விரல் மரத்து, இழுத்துப் பிடிக்கும். அறுந்த பட்டு இழையை விரல் நுனியில் தேடி முடிச்சுப் போடும் நெசவாளிக்கு அது சின்ன விஷயமா?

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். கட்டி மூச்சுக்குழாயையோ குரல் நரம்பையோ ஒட்டியிருந்தால், பரவியிருந்தால், வீரியமான வகையாக இருந்தால், கத்திதான் வைத்தியம். கவனித்து வரும்போது மனக்கவலையும் உண்டு. ஸ்கேன் தேதி நெருங்கினால் தூக்கம் போகும். ஆனால் ஆபரேஷன் முடிந்தவருக்கும் அந்தக் கவலை முற்றிலும் விடுவதில்லையே!

"புற்றைத் தெரிந்தே வைத்திருப்பதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய குமாஸ்தாவின் பதில்: மறுபார்வைக்குத் தேதி போட்ட கோப்பு வேறு, கிடப்பில் போட்ட கோப்பு வேறு. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'சுர்வேயான்' என்றொருவர் இருப்பார். பாடம் நடத்தமாட்டார், எங்களைக் கவனிப்பதே அவர் உத்தியோகம். அவரை வேலையில்லாதவர் என்று எந்தப் பையனும் நினைத்ததில்லை. இந்த வைத்திய முறைக்கும் பிரெஞ்சில் அதே வேர்ச்சொல்தான்: 'சுர்வேயான்ஸ்'.

வைத்தியர்களிடம் எனக்குப் பகையில்லை. இரண்டு வழி இருக்கும்போது ஒன்றை மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்குவதைத்தான் எதிர்க்கிறேன். கட்டி எத்தனை மில்லிமீட்டர், எதை ஒட்டியிருக்கிறது, ஆறு மாதம் பொறுத்தால் என்ன நஷ்டம் என்று கேளுங்கள். பதில் வந்தபிறகு பேனாவை எடுங்கள்.