பளபளப்பும் துருவும்

நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு பழைய மாரிஸ் மைனர் மோட்டார் வாங்கினார். அலெக் இஸிகோனிஸ் என்னும் நிபுணர் வகுத்து, 1948-ல் லண்டன் கண்காட்சியில் அரங்கேறிய ஜாதி வண்டி. புது வர்ணத்தில் கல்யாண மாப்பிள்ளைபோல் நின்றது. மறுநாளே மனைவி மக்களுடன் கும்பகோணம் புறப்படுவதாக உத்தேசம்!

"சற்றுப் பொறும்" என்று சொல்லி, அவர் குழந்தையின் விளையாட்டுக் காந்தத்தைக் கேட்டு வாங்கினேன். கதவின்மீது வைத்தேன், ஒட்டிக்கொண்டது. கதவுக்கு அடியில், வாசற்படி போன்ற பாகத்தில் வைத்தேன், பொத்தென்று விழுந்தது. அங்கே இரும்பு இல்லை. வெறும் பூச்சுதான் இருந்தது. நண்பரின் முகம் வாடிற்று.

இவ்வண்டிக்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. தரையும் படியும் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. ஆகவே அங்கே துரு ஏறுவது, வீட்டின் உத்தரத்தில் கறையான் புகுந்ததற்கு ஒப்பாகும். பின்புற ஸ்பிரிங் பட்டைகள் பொருந்தும் இடங்களையும் தட்டிப் பார்த்தல் அவசியம். முன் சக்கரங்களைத் தாங்கும் மரையிட்ட மூட்டுகளுக்கு ஒழுங்காகக் கிரீஸ் இடாவிடில், மரை தேய்ந்து, சக்கரம் ஓட்டத்திலேயே மடங்கிவிடக்கூடும். பிரேக் எண்ணெயோ காற்றின் ஈரத்தை உறிஞ்சி, சிலிண்டரை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும். எஞ்சின் கோளாறு வழியில் நிறுத்தும். இவையோ ஆளையே வீழ்த்தும்.

வண்டி பட்டறைக்குப் போயிற்று, குடும்பம் ரயிலேறிற்று. பழைய மோட்டார் வாங்க விரும்பும் நேயர்களே, முகத்தின் வர்ணத்தைப் பிறகு ரசிக்கலாம்; முதலில் குனிந்து வண்டியின் வயிற்றைப் பாருங்கள்!