விலங்கிற்கு அடங்காத இசை

அடிமைகளாய் அமெரிக்காவுக்குக் கொணரப்பட்ட ஆபிரிக்க மக்கள் அனைத்தையும் இழந்தனர், இசைமரபை இழந்திலர். ஒருவர் பாட மற்றையோர் விடையிறுப்பதும், சுரத்தை வளைத்திசைப்பதும் வயல்களிலும் வழிபாட்டிலும் நிலைத்தன. 1920 இல் மேமி ஸ்மித் பாடிய புளூஸ் இசைத்தட்டு வெளிவந்தது. 1923 இல் மா ரெய்னியும் பெஸி ஸ்மித்தும் இசைத்தட்டில் பாடத் தொடங்கினர். 1925 இல் பெஸி பாடிய ‘சென் லூயிஸ் புளூஸ்’ இசைத்தட்டில், அவர் அடிதோறும் நிறுத்த, லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் கோர்னெட் குழல் விடையிறுக்கின்றது. பழைய வயற்பாட்டின் முறையே அது.

இப்பெண்டிரின் குரல் பியானோக் கட்டைகளுக்கு இடைப்பட்ட சுரங்களிலும் நிற்கும். அதனைச் சுருதிப் பிழை என்பாருமுளர். ஒரு மரபை வேறொரு மரபின் கோலால் அளந்தமையால் எழுந்த குற்றச்சாட்டே அது என்பேன். இசை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் இவர்களை வெறுங் கேளிக்கைப் பாடகியர் என ஒதுக்காது, ஒரு பெருமரபைக் காத்து வளர்த்தோராக மாணவர்க்கு உணர்த்துவாராக.