காரும் கைப்பக்குவமும்

2022 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ தொடங்குவதற்கு முன்பு ஒரு பழைய கார் தனியாக வலம் வந்தது. நீலம், மஞ்சள், வெள்ளை. மூக்கில் சிவப்பு நிறத்தில் 5. ஓட்டியவர் நான்கு முறை உலக சாம்பியனான செபாஸ்டியன் வெட்டல். அது அவர் விலைக்கு வாங்கிய கார். 1992இல் நைஜல் மான்சல் 16 பந்தயங்களில் ஒன்பதை வென்று பட்டம் பெற்ற வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ14பி ரகம்.

பணம் இருந்தால் இப்படி ஒரு காரை வாங்கிவிடலாம். ஓட வைப்பது வேறு சமாச்சாரம்.

பல வருஷம் ஷெட்டில் கிடந்த அம்பாசடரை ஒரு தெருமுனை மெக்கானிக் எப்படியாவது கிளப்பிவிடுவார். பந்தயக் காரிடம் அந்த ஜம்பம் பலிக்காது. இன்ஜின் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி அவ்வளவு நுணுக்கம். முன்கூட்டியே சூடேற்றாமல் ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்கே ஆபத்து. பெட்ரோல் டேங்க் என்பது ரப்பர் பை, வயதானால் நைந்துபோகும். சீட் பெல்ட்டுக்கும் ஆயுள் உண்டு. அன்று டயர் கொடுத்த குட்இயர் 1998 சீசனோடு ஃபார்முலா ஒன்னை விட்டே போய்விட்டது.

இந்தக் காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இதன் சஸ்பென்ஷனை ஆட்டுவித்தது கம்ப்யூட்டர். மேடு பள்ளத்திலும் வளைவிலும் கார் நிலை குலையாமல் ஹைட்ராலிக் அழுத்தத்தால் பார்த்துக்கொண்டது. 1994 சீசனிலிருந்து பந்தயங்களில் இதற்குத் தடை. தடை வந்ததும் அந்த வித்தை தெரிந்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தக் காலக் கம்ப்யூட்டர்களும் அருகிப்போயின. மெக்லாரன் நிறுவனம் தன் எஃப்1 சாலைக் கார்களைப் பராமரிப்பதற்காகவே 1990களின் காம்பாக் லேப்டாப்களைப் பல காலம் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. பல கோடி ரூபாய் காருக்கு ஒரு காயலான்கடைக் கம்ப்யூட்டர் தயவு!

தமிழ் படித்தவனுக்கு இங்கே ஏட்டுச்சுவடிதான் ஞாபகம் வரும். ஏடு செல்லரிக்காமல் இருந்தால் போதாது. புள்ளியில்லாத எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். வில்லியம்ஸ் நிறுவனத்துக்கு இது புரிந்திருந்தது. தன் பழைய கார்களைப் பேணுவதற்கென்றே ஒரு பிரிவை வைத்திருந்தது. 2017இல் நிறுவனத்தின் 40ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது இதே ரகக் கார் ஒன்று சில்வர்ஸ்டோனில் ஓடியது. ஓட்டியவர் சென்னைக்காரர் கருண் சந்தோக்.

வெட்டல் இன்னொரு கேள்விக்கும் பதில் தேடினார். புகை கக்கும் பழைய காரை இந்தக் காலத்தில் ஓட்டுவது நியாயமா? அவர் நிரப்பியது கார்பன் சமநிலை எரிபொருள். பழம்பெருமையைக் காப்பாற்றலாம், ஆனால் பொறுப்போடு காப்பாற்ற வேண்டும் என்பது அவர் வாதம்.

நமக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில், பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. பிறகு 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி மைதானம் வந்தது. சோழவரத்துக்காக ஃபியட்டையும் ஹெரால்டையும் அடித்து, வளைத்து, உருமாற்றினார்கள் நம் மெக்கானிக்குகள். இன்று அந்தக் கார்களில் ஒன்று எங்காவது ஒரு ஷெட்டில் அகப்பட்டு, யாராவது வாங்கினால், அவர் முதலில் தேட வேண்டியது உதிரி பாகங்களை அல்ல. பிஸ்டனைக் கடைந்து தருவதற்கு லேத் பட்டறைகள் இருக்கின்றன. அந்த இன்ஜினின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொன்ன மனிதரைத் தேட வேண்டும்.

அவருக்கு இப்போது எழுபதோ எண்பதோ ஆகியிருக்கும். காருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவது நல்லது. கார் இன்னும் பத்து வருஷம் காத்திருக்கும்.