சாமி வரம் கொடுத்தாச்சு... பூசாரி?



"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்" என்று நம்ம பக்கம் சொல்வார்கள். உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்த கதையும் அதுதான் என்பது என் கருத்து.

1992-ல் பாராளுமன்றம் அரசியல் சட்டத்தின் 73, 74-வது திருத்தங்களை நிறைவேற்றியது. மறு ஆண்டே அவை அமலுக்கு வந்தன. ஊராட்சிகளுக்கு 29 துறைகள், நகரங்களுக்கு 18 துறைகள் என்று பட்டியல் போட்டார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்றார்கள். இது வரம். ஆனால் பட்டியலில் உள்ளதில் எதை, எவ்வளவு கொடுப்பது என்பது மாநில அரசின் விருப்பம். இங்கேதான் பூசாரி வருகிறார்!

நம்ம சேலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1866-ல் பிறந்த நகராட்சி. ராஜாஜி தலைவராக இருந்த நகராட்சி. 1994-ல் மாநகராட்சி ஆனது. 1996, 2001 தேர்தல்களில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் திரும்பவும் மக்கள். 2022-ல் திரும்பவும் கவுன்சிலர்கள். நாற்காலி ஒன்றுதான், ஏறும் படிக்கட்டைத்தான் மாற்றி மாற்றி வைக்கிறார்கள்.

மக்கள் தேர்ந்தெடுத்த மேயருக்கு மன்றத்தில் மெஜாரிட்டி இல்லாவிட்டால் தீர்மானம் நகராது. கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்த மேயரோ, ஓட்டுப் போட்டவர் முகத்தைவிடக் கட்சியின் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பார். எப்படி வந்தாலும் நிர்வாக அதிகாரம் கமிஷனர் கையில்!

அதைவிடக் கொடுமை, 2016 அக்டோபர் முதல் 2022 வரை தேர்தலே இல்லை. தனி அலுவலர்தான் எல்லாம். சாக்கடை அடைத்தால் யாரைப் போய்க் கேட்பது? கிராமங்களிலும் இதே கதை. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. உடனே வந்தார்கள் தனி அலுவலர்கள்.

முடியாத காரியமா இது? பக்கத்துக் கேரளாவில் 1996-லேயே திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்களே!

சரி, இதில் டிப்ளமோ படிக்கிற நமக்கு என்ன வேலை என்கிறீர்களா? நிறைய இருக்கு. நாளை ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியராக எஸ்டிமேட் போடப்போவது நம்மில் பலர்தான். அதற்கு முன்பே கிராம சபை இருக்கிறது. 2022 நவம்பரிலிருந்து நகரங்களிலும் பகுதி சபை நடக்கத் தொடங்கியது. அங்கே போய் உட்காருவோம். "இந்த ரோட்டுக்கு எவ்வளவு கனத்துக்கு ஜல்லி? எம்-புக்கில் எழுதின அளவும் தரையில் இருக்கிற அளவும் ஒண்ணா?" என்று கேட்போம். ஓட்டுப் போட்ட எல்லோருக்கும் கேட்க உரிமை உண்டு. ஆனால் எஸ்டிமேட்டைப் படித்துப் பார்த்துக் கேட்கத் தெரிந்தவர்கள் நாம்தானே!

மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்பதைச் சென்னை முடிவு செய்யட்டும். நம் தெருவில் போட்ட ரோட்டை அளந்து பார்க்க யாருடைய உத்தரவும் வேண்டாம். டேப்பை எடுங்கள், நண்பர்களே!